கடைசி மருந்தைத் தொடும் முன் கிருமியின் கொழுப்பைப் படிப்போம்

"சார், செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க. இருக்கிறதுலேயே பவரான மருந்து எதுவோ, அதையே அப்பாவுக்குப் போட்டுடுங்க."

குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்தக் குறைவும் ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெரியவரின் மகன், அண்மையில் ஓர் இரவு எங்களிடம் சொன்னவை இவை. அந்த வாயிலில் நின்று இதே சொற்களைச் சொல்லாத குடும்பம் அரிது. அவற்றின் பின்னால் உள்ள அன்பையும் அச்சத்தையும் நாங்கள் அறிவோம். ஆயினும் "பவரான மருந்து" என்ற ஒன்று உண்மையில் இல்லை. ஒரு குறிப்பிட்ட கிருமியின் மீது வேலை செய்யும் மருந்து, வேலை செய்யாத மருந்து என்ற இரண்டே உண்டு. எது எந்த வகை என்பதை விரைவில் அறிந்துகொள்ள, கிருமியின் மேலுறையில் உள்ள கொழுப்பை எடை போட்டுப் பார்க்கும் ஒரு வழி இன்று உலகில் இருக்கிறது. அது நம் பகுதி நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

அந்த மகன் மனத்தில் கொண்டிருந்த மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாது; எங்களுக்குத் தெரியும். கொலிஸ்டின். 1940களின் இறுதியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் இதைப் பெரும்பாலும் கைவிட்டனர். அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் அப்போது நிறைய இருந்தன. பின்னர் அந்த மருந்துகளை ஒவ்வொன்றாகக் கிருமிகள் வெல்லத் தொடங்கியபோது, பரணில் போட்ட பழைய பாத்திரத்தை இறக்குவதுபோல் கொலிஸ்டினை மீண்டும் இறக்கினோம். இன்று கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் கார்பபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்காதபோது, நம் நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவரின் கை செல்லும் இடங்களில் ஒன்றாக அது இருக்கிறது.

கொலிஸ்டின் எப்படிக் கிருமியைக் கொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. மேற்சொன்ன வகைக் கிருமிகளுக்கு இரண்டு உறைகள் உண்டு. வெளியுறையின் வெளிப்பக்கம் ஒரு தனித்த கொழுப்பால் ஆனது. அதற்கு லிப்பிட் ஏ என்று பெயர். இரண்டு சர்க்கரைகள் கைகோத்து நிற்க, அவற்றிலிருந்து கொழுப்பமிலச் சங்கிலிகள் வேர்கள்போல் உறைக்குள் இறங்கியிருக்கும். ஈ.கோலி கிருமியில் இச்சங்கிலிகள் ஆறு. அவற்றுள் ஒன்று லாரிக் அமிலம். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதியாக இருப்பதும் இதே அமிலம்தான். மற்றொன்று மிரிஸ்டிக் அமிலம். சாதிக்காயின் தாவரப் பெயரால் அழைக்கப்படுவது. எஞ்சிய நான்கும் அந்த மிரிஸ்டிக் அமிலத்தின் நெருங்கிய உறவினர்கள். அடுக்களையில் அறிமுகமான பொருள்களைக் கொண்டே கிருமி தன் கோட்டைச் சுவரை எழுப்பியிருக்கிறது.

அந்தச் சர்க்கரைகளின் இரு முனைகளிலும் பாஸ்பேட் என்னும் எதிர்மின்னூட்டம் கொண்ட பகுதிகள் உள்ளன. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளின் பாஸ்பேட்டுகளைக் கால்சியமும் மக்னீசியமும் காரைபோல் இணைத்து வைத்திருக்கின்றன. கொலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்டது. அது பாஸ்பேட்டால் ஈர்க்கப்பட்டு, காரையை விலக்கிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கிறது. சுவர் பிளக்கிறது, கிருமி சாகிறது. கிருமியும் சும்மா இருப்பதில்லை. அந்தப் பாஸ்பேட்டின் மீது ஒரு மூடியைப் போட்டு, மின்னூட்டத்தை மறைத்துவிடக் கற்றுக்கொள்கிறது. பிடிமானம் இல்லாத சுவரில் கொலிஸ்டின் வழுக்கி விழுகிறது. அதே மருந்து நோயாளியின் சிறுநீரகத்தின் மீது மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கும்.

இந்நிலையை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், எங்களில் சிலர் வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில், இரத்தத்தில் கிளெப்சியெல்லா பரவிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணிக்குச் சிகிச்சை அளித்தோம். ஆய்வகத் தட்டில் மருந்து வில்லையை வைத்துப் பார்க்கும் எளிய சோதனை, கொலிஸ்டின் வேலை செய்யும் என்றது. நான்கு நாள்கள் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கவில்லை, கிரியாட்டினின் மட்டும் ஒவ்வொரு நாளும் ஏறியது, டயாலிசிஸ் தொடங்கினோம். பிறகு வந்த விரிவான சோதனை முடிவு, அந்தக் கிருமி தொடக்கத்திலிருந்தே கொலிஸ்டினுக்கு அடங்காதது என்று தெரிவித்தது. அந்த அம்மையார் பிழைக்கவில்லை. முதல் நாளிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எங்களால் சொல்ல இயலாது. ஆனால் அவருடைய கணவரிடம் "மருந்து சரியாகத்தான் போகிறது" என்று நான்கு நாள்கள் நாங்கள் சொல்லி வந்தது உண்மையன்று என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வில்லைச் சோதனை பிழையாவதற்குக் காரணம் உண்டு. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு. ஆய்வகத் தட்டின் கூழ்மப் பரப்பில் அது சரியாகப் பரவாது. ஆகவே கொலிஸ்டினுக்கு வில்லைச் சோதனையை நம்பக் கூடாது. கிருமியைத் திரவத்தில் வளர்த்து, மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கும் முறையே ஏற்கத்தக்கது என்று அமெரிக்க, ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்புகள் சேர்ந்தே அறிவித்துள்ளன. எங்கள் ஆய்வகமும் இன்று அம்முறையையே கையாள்கிறது. அதில் உள்ள குறை காலம். இரத்தத்திலிருந்து கிருமி வளர்ந்து வெளிப்பட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின் இச்சோதனைக்கு மேலும் பதினாறு முதல் இருபது மணி நேரம். செப்சிஸ் நோயாளிக்கு அந்த இரண்டாவது இரவு மிக நீண்டது. வாயிலில் நிற்கும் மகனுக்கும்தான்.

இங்கேதான் எடை போடும் கருவி வருகிறது. ஆங்கிலத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்றும், தமிழில் நிறை நிறமாலையியல் என்றும் வழங்கப்படும் இம்முறை, மூலக்கூறுகளைத் தராசில் வைப்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் விடுகிறது. கிருமியின் கொழுப்பை ஒரு துணைப்பொருளுடன் கலந்து உலோகத் தகட்டில் காய வைக்கிறார்கள். அதன்மேல் லேசர் ஒளி படும்போது மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்று எழும்பி, காற்றற்ற ஒரு குழாய்க்குள் பாய்கின்றன. இலகுவானவை முதலில் மறுமுனையை அடையும்; கனமானவை பின்னே வரும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எடை கணக்கிடப்படுகிறது. பெரிய உயிர் மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இப்படிப் பறக்கவிட முடியும் என்று காட்டியவர்களில் ஒருவரான கோய்ச்சி தனாக்கா, கியோட்டோ நகர நிறுவனம் ஒன்றில் பொறியாளர். முனைவர் பட்டம் இல்லாதவர். தவறுதலாகக் கிளிசரினைக் கோபால்ட் தூளில் கலந்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையே சோதித்துப் பார்த்ததில் அவருக்கு வழி திறந்தது. 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. சிக்கனம் நோபல் பரிசு வரை கொண்டுபோய்விட்ட கதையாக இதை எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது வழக்கம்.

எடை மட்டும் தெரிந்தால் அமைப்புத் தெரியுமா என்ற கேள்வி எழலாம். எடையை அறிந்தபின், அந்த மூலக்கூறை மட்டும் பிடித்து மோதி உடைத்து, துண்டுகளையும் எடை போடுகிறார்கள். உடைந்து போன துண்டின் எடை 98 என்றால் பாஸ்பாரிக் அமிலம் கழன்றது. 228 என்றால் மிரிஸ்டிக் அமிலம் கழன்றது. இப்படித் துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டே வந்தால் எந்தச் சங்கிலி எங்கே தொங்கியது என்ற வரைபடம் கிடைத்துவிடும். இந்தக் கொழுப்பு உடலில் ஏற்படுத்தும் கொந்தளிப்பை 1892ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் ஃபைஃபர் பெர்லினில் காலரா கிருமியில் கவனித்து, அதற்கு அகநச்சு எனப் பொருள்படும் எண்டோடாக்சின் என்ற பெயரைச் சூட்டினார். ஆனால் அதன் முழு வேதி அமைப்பு தெளிவாக 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள முன்னாள் இராணுவத்தினருக்கான மருத்துவமனை ஆய்வகத்தில் தகாயாமாவும் குரேஷியும் நிறை நிறமாலையைக் கொண்டு அதில் பெரும் பங்காற்றினர். ஜப்பானின் ஒசாகா அறிஞர்கள் அதே மூலக்கூறைச் செயற்கையாகவே உருவாக்கி அந்த அமைப்பை உறுதிப்படுத்தினர். ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் இத்தகைய அடிப்படை அறிவு பிறந்தது என்பது எங்களுக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, மூடிக்கு வருவோம். ஈ.கோலியின் வழக்கமான லிப்பிட் ஏ, கருவியின் திரையில் 1,797 என்ற எண்ணருகே ஒரு கோபுரமாக எழும். பாஸ்பேட்டின் மேல் பாஸ்போஎத்தனாலமைன் என்ற மூடி ஏறியிருந்தால் எடை 123 கூடி, 1,920 அருகே புதிய கோபுரம் தோன்றும். கிளெப்சியெல்லா பெரும்பாலும் பயன்படுத்துவது வேறொரு மூடி, ஒரு வகைச் சர்க்கரை. அது 131ஐக் கூட்டும். ஆக, 123ஆ 131ஆ என்று பார்த்தாலே மூடி இருப்பதும் அது எந்த மூடி என்பதும் தெரிந்துவிடுகின்றன. இந்த எளிய கூட்டல் கணக்கை நோயாளிகளுக்குப் பயன்படும் சோதனையாக மாற்றும் முயற்சியை இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் பிரெஞ்சு மருத்துவர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்டனர். வளர்ந்த கிருமி கையில் இருந்தால் சுமார் கால் மணி நேரத்தில் விடை. மேலே சொன்ன இருபது மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரபணுச் சோதனை இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் சக மருத்துவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2015ஆம் ஆண்டு இறுதியில், கொலிஸ்டின் எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்று சீன ஆய்வாளர்கள் அறிவித்தபோது உலகமே திடுக்கிட்டது. பன்றி, கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. இந்திய அரசும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் பண்ணைகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. மிகச் சரியான முடிவு. ஆனால் நம் நாட்டு மருத்துவமனைகளின் கிளெப்சியெல்லாவில் இத்தாவும் மரபணு அவ்வளவாகக் காணப்படுவதில்லை. கிருமியின் சொந்த மரபணு ஒன்று சிதைவதே இங்கே பெரிய காரணம். அது ஒரே மாதிரியாகச் சிதைவதும் இல்லை. எத்தனையோ விதங்களில் உடையலாம். மரபணுச் சோதனை, தேடச் சொன்னதைத்தான் தேடும். எந்த வழியாகப் புறப்பட்டாலும் இத்திரிபுகளில் பெரும்பாலானவை வந்து சேரும் இடமோ லிப்பிட் ஏயின் மேல் இருக்கும் அந்த மூடிதான். திருடன் வரக்கூடிய தெருக்களை எல்லாம் காவல் காப்பதைவிட, வீட்டுக் கதவைப் பார்ப்பது எளிது என்பதே எங்கள் நிலை.

இதன் குறைகளையும் மறைக்க மாட்டோம். மூடி போட்ட கிருமிகள் மிகச் சிலவாக மற்றவற்றின் நடுவே ஒளிந்திருந்தால் கருவி அவற்றைத் தவறவிடக்கூடும். அசினெட்டோபாக்டரில் சில, லிப்பிட் ஏயை உருவாக்குவதையே நிறுத்திவிட்டு உயிர் வாழ்கின்றன. அப்போது திரையில் கோபுரமே இராது. அதுவும் ஒரு விடைதான் என்று அறிந்த கண் வேண்டும். மேலும், கிருமி வளரும் வரை காத்திருக்கும் முதல் நாளை இச்சோதனையாலும் குறைக்க முடியாது. எனவே திரவச் சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. அது முடியும் வரை உள்ள இருபது மணி நேரத்துக்கு ஒரு கைவிளக்கு வேண்டும் என்கிறோம்.

அந்தக் கைவிளக்கு கிடைத்தால் என்ன மாறும்? கொலிஸ்டின் பயன்படாது என்று முன்கூட்டியே தெரிந்தால், சிறுநீரகத்தை வீணே வருத்தாமல் வேறு வழிக்குப் போகலாம். செப்டாசிடிம்-அவிபாக்டமுடன் அஸ்ட்ரியோனாமைச் சேர்த்துக் கொடுப்பது அத்தகைய ஒரு வழி, விலை மிகுதி. தேவையில்லாதவருக்கு அந்தச் செலவை வைப்பதும் தவறு, தேவையானவருக்குத் தாமதிப்பதும் தவறு. நகையை அடகு வைத்து மருந்து வாங்கும் குடும்பத்திடம் எதை வாங்கச் சொல்கிறோம் என்பதில் எங்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வகைக் கருவி ஏற்கெனவே இருக்கிறது, எங்களிடமும் உண்டு. ஆனால் அதைக் கிருமியின் புரதங்களை எடை போட்டு, அது எந்தக் கிருமி என்று பெயர் சொல்லவே பயன்படுத்துகிறோம். கொழுப்பைப் படிக்க, எதிர்மின்னூட்ட நிலையில் இயங்கும் வசதி வேண்டும். வழக்கமாக வாங்கப்படும் பல கருவிகளில் அது இராது. ஒவ்வொரு மருத்துவமனையும் இதற்காக இன்னொரு கருவி வாங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விலை கோடி ரூபாய்க் கணக்கில் போகும். அப்பணத்துக்கு செவிலியர் பணியிடங்கள் போன்ற வேறு அவசரத் தேவைகள் உண்டு. சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஓர் அரசு ஆய்வகத்தில் இவ்வசதியை வைத்து, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி வளர்ந்த கிருமியை அங்கே அனுப்பி, அன்று மாலைக்குள் தொலைபேசியில் விடை பெறும் ஏற்பாடு போதும். இரத்த வங்கிகளும் காசநோய் ஆய்வகங்களும் மாதிரிகளை ஊர் விட்டு ஊர் அனுப்பிப் பழகியவைதாம், வழி புதிதன்று.

இது நடைமுறைக்கு வரும் வரை, உங்கள் கைக்கு வரும் கல்ச்சர் அறிக்கையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கத் தரநிர்ணயத்தைப் பின்பற்றும் ஆய்வகங்கள் 2020 முதல் கொலிஸ்டினுக்கு "வேலை செய்யும்" என்று எழுதுவதே இல்லை. "இடைநிலை" அல்லது "எதிர்ப்பு" என்ற இரண்டுதான். இரத்தத்தில் உள்ள தொற்றுக்கு இம்மருந்தின் திறன் ஐயத்துக்குரியது என்பதால் அப்படி. ஆகவே "இடைநிலை" என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். அறிக்கை தவறாக வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். எங்களிடம் கேளுங்கள். கொலிஸ்டின் போகும் நாள்களில் சிறுநீரின் அளவையும் கிரியாட்டினினையும் ஒவ்வொரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை நாங்கள் தொல்லையாகக் கருதுவதில்லை. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். மூடி போட்ட கிருமி பக்கத்துப் படுக்கைக்குப் போகப் பெரும்பாலும் கைகளையே வாகனமாகக் கொள்கிறது. அக்கைகளில் எங்களுடையவையும் அடங்கும்.

அந்த இரவு அந்த மகனிடம் நாங்கள் கொலிஸ்டினைப் பற்றிப் பேசவில்லை. இரத்தம் கல்ச்சருக்கு எடுத்தாகிவிட்டது, முதல் மருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, கடந்த மூன்று மாதங்களில் அப்பா என்னென்ன மாத்திரை, ஊசி எடுத்துக்கொண்டார் என்று மட்டும் கேட்டோம். அவருக்கு நினைவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு துணிக்கடைப் பையுடன் வந்தார். அதில் மருந்துச் சீட்டுகளும் பாதி தீர்ந்த அட்டைகளும் இருந்தன. அவற்றுள் மூன்று வெவ்வேறு ஆன்டிபயாடிக்குகள் இருந்தன. ஒன்று யாரோ பரிந்துரைத்துக் கடையில் வாங்கியது. அன்று காலைச் சுற்றின்போது, முதல் மருந்தை மாற்றும் முடிவை அந்தப் பையை மேசையில் கொட்டி வைத்துக்கொண்டுதான் எடுத்தோம்.